கார்த்திகைப் பெண்கள் வளர்த்த பிள்ளை

(ஆலய பரிபாலன சபை உறுப்பினர் ஒருவர், இளைப்பாறிய அரசாங்க எழுதுவினைஞர்)

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, ஆலயத்தின் வரவு செலவைத் தவிர எழுதுவதற்கு எனக்கு என்ன தெரியும் என்று தயங்கினேன். முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் கோவைகளோடும் படிவங்களோடும் காலங்கழித்தவன் நான். ஆயினும் பிள்ளை வளர்ப்புப் பற்றி நெடுநாளாக என் மனதில் கிடக்கும் ஒரு விடயத்தை இவ்வருடமாவது சொல்லிவிட வேண்டும் என்று எண்ணினேன்.

எமது ஆலயத்தில் கந்தபுராண படனம் நடைபெறும் நாட்களில், முருகப்பெருமானின் திருவவதாரப் பகுதியை நாம் வருடந்தோறும் கேட்கின்றோம். சிவபெருமானின் நெற்றிக் கண்ணில் இருந்து தோன்றிய ஆறு பொறிகளை வாயுவும் அக்கினியும் சுமந்து சென்று கங்கையில் சேர்க்க, கங்கை அவற்றைச் சரவணப் பொய்கையிலே கொண்டு போய்ச் சேர்த்தாள். அங்கே தாமரை மலர்களில் ஆறு குழந்தைகளாய் விளங்கிய பெருமானுக்குப் பாலூட்டிச் சீராட்டியவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். பின்னர் உமாதேவியார் வந்து ஆறு குழந்தைகளையும் சேர்த்து அணைக்க, ஆறுமுகமும் பன்னிரு திருக்கரமும் கொண்ட ஒரு திருவுருவாயினான் கந்தன். வளர்த்த பெண்களைச் சிவபெருமான் மறக்கவில்லை. அவர்கள் பெயராலேயே பிள்ளை கார்த்திகேயன் எனப்பட்டான். கார்த்திகை விரதமும் அவர்களை நினைத்தே உண்டாயிற்று.

உலகுக்கே தாயும் தந்தையுமானவர்களின் பிள்ளை, பெறாத தாய்மாரிடம் வளர்ந்தான். அப்படி வளர்ந்ததைப் புராணம் ஒரு குறையாகச் சொல்லவில்லை. பெற்றவளுக்கும் மரியாதை உண்டு, வளர்த்தவர்களுக்கும் மரியாதை உண்டு. இதை ஒவ்வொரு வருடமும் காதாலே கேட்டும், நான் மனதிலே வாங்காமல் இருந்த ஒரு காலம் இருந்தது.

எங்கள் தலைமுறை கண்டவற்றை நீங்கள் அறிவீர்கள். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தது. 2009 மே மாதம் யுத்தம் முடியும் போது எத்தனையோ வீடுகளில் தலைவன் இல்லை. பின்னர் தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்றனர். 2013 இல் இருந்து அவ்வாறு செல்பவர்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கும் நடைமுறை வந்து, 2022 இல் அது தளர்த்தப்பட்டது. இவை எல்லாம் என் மேசைக்குப் படிவங்களாகவே வந்தன. தந்தையின் பெயர், தாயின் பெயர், தொழில் என்று கட்டங்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அந்தக் குடும்பமே குறையுள்ளது என்று எண்ணும் பழக்கம் என்னை அறியாமலே என்னில் ஊறிவிட்டது.

அந்தப் பழக்கத்தை நான் கோவிலுக்குள்ளும் கொண்டு வந்தேன். 2011 ஆம் ஆண்டு விஜயதசமி அன்று ஏடு தொடக்கலுக்குப் பிள்ளைகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னுடையது. ஒலிபெருக்கியில், "தாய் தகப்பன் பிள்ளையோடை முன்னுக்கு வாருங்கோ, மற்றவை பின்னுக்கு நில்லுங்கோ" என்று அறிவித்தேன். சனநெரிசலைக் குறைக்கவே அப்படிச் சொன்னேன். மணிக்கோபுரத்தடியில் நாலு வயதுப் பேத்தியைக் கையில் பிடித்தபடி ஓர் ஆச்சி நின்றதைக் கண்டேன். பிள்ளையின் தகப்பன் யுத்தத்தில் இறந்தவர். தாய் வெளிநாட்டில். சிறிது நேரத்தின் பின் பார்த்தபோது இருவரையும் காணவில்லை.

இரண்டு நாள் கழித்து மனம் பொறுக்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டார். ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. "பிள்ளை வீட்டிலை அரிசியிலை எழுதிப் போட்டுது தம்பி. நான்தான் கை பிடிச்சனான். மூண்டாம் வகுப்பு மட்டுந்தான் படிச்சனான் எண்டாலும் அ பிழைக்காதுதானே" என்றார். நான் தலையைக் குனிந்து கொண்டு வந்தேன். அடுத்த வருடத்தில் இருந்து எங்கள் அறிவித்தல், "பிள்ளையை வளர்க்கிறவை முன்னுக்கு வாருங்கோ" என்று மாறியது. அந்தப் பிள்ளை இன்று எமது அறநெறிப் பாடசாலையில் சின்னஞ்சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கின்றாள். அவர்களின் அனுமதியைப் பெற்றே இதை எழுதுகின்றேன்.

அன்பர்களே! எமது சமயம் இவ்விடயத்தில் எம்மை விடப் பெரிய மனதுடையது. திருநாவுக்கரசு நாயனார் யாரிடம் வளர்ந்தார்? திருவாமூரில் தந்தை புகழனாரும் தாய் மாதினியாரும் அடுத்தடுத்து மறைந்தனர். தமக்கை திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையாரும் போரிலே மாண்டார். உயிர்விடத் துணிந்த திலகவதியார், காலில் விழுந்து அழுத தம்பிக்காக உயிர் தாங்கினார். போரினால் சிதைந்த வீட்டிலே, ஓர் இளம்பெண் தனியே நின்று வளர்த்த பிள்ளைதான் எமது அப்பர் சுவாமிகள்.

அப்படி வளர்த்த தம்பி வேறு சமயம் புகுந்து தூரப் போனார். திலகவதியார் அவரைச் சபிக்கவில்லை. திருவதிகைத் தலத்தில் கூட்டி மெழுகி, பூமாலை தொடுத்து, தம்பிக்காக இறைவனிடம் விண்ணப்பித்தார். சூலை நோயால் துடித்த தம்பி ஆள் அனுப்பி அழைத்தபோது, அந்த இடத்துக்கு வரமாட்டேன் என்று மறுத்தார். ஆனால் தம்பி தாமே இரவோடு இரவாக வந்து காலில் விழுந்தபோது, பழைய கதை எதுவும் கேளாமல் திருநீறு கொடுத்துக் கோவிலுக்குள் அழைத்துச் சென்றார். பிழைக்கு உடன்படாத உறுதியும் திரும்பி வருகின்ற பிள்ளைக்குத் திறந்திருக்கும் கதவும் அந்த அம்மையாரிடம் ஒன்றாக இருந்தன. வயது வந்த பிள்ளைகளோடு போராடும் பெற்றோருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

மறுபுறம் சண்டேசுர நாயனாரின் வீட்டைப் பாருங்கள். தாயும் தந்தையும் உள்ள வீடு, கற்ற குடும்பம். ஊரார் வந்து, உமது மகன் பசுவின் பாலை வீணாக்குகிறான் என்று முறையிட்டார்கள். தந்தை எச்சதத்தன் மகனிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. மறைந்திருந்து பார்த்து, அது சிவபூசை என்பதை உணராமல் அடித்தார், பாற்குடத்தையும் காலால் இடறினார். அதன் பின் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆகவே இருவரும் இருக்கும் வீடு என்பதனால் மட்டும் பிள்ளை வளர்ப்பு நேராகிவிடாது. அயலவர் சொல்லைக் கேட்டுக் கையை ஓங்கும் முன், பிள்ளையை இருத்தி வைத்து என்ன நடந்தது என்று கேட்கும் பொறுமை வேண்டும்.

இனி எமது வீடுகளில் அன்றாடம் வருபவை சிலவற்றைச் சொல்கின்றேன். தந்தை வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில், கைத்தொலைபேசியோ மோட்டார் சைக்கிளோ வாங்கிக் கொடுப்பதை அங்கிருந்தே தீர்மானித்து விடுகிறார்கள். வீட்டில் பிள்ளையோடு நிற்கும் தாயையோ அம்மம்மாவையோ கலந்து பேசாமல் அனுப்பும் பணம், வளர்ப்பவரின் சொல்லுக்கு மதிப்பில்லாமல் செய்துவிடும். தொலைபேசியில் எத்தனை புள்ளி என்று மட்டும் கேளாமல், இன்றைக்கு யாரோடு விளையாடினாய் என்றும் கேளுங்கள்.

பேரப்பிள்ளைகளை வளர்க்கும் முதியவர்களே, உழைக்கப் போன தாயைப் பற்றிப் பிள்ளையின் காதுபடக் குறை பேசாதீர்கள். உங்கள் கையால் உண்ணும் பிள்ளைக்கு அவளும் தாய்தான். அப்பா எங்கே என்று பிள்ளை கேட்கும் போது, வெளிநாட்டில் என்று பொய் சொல்லி வைத்தால், ஒரு நாள் தெருவிலே யாரோ உண்மையைச் சொல்லும் போது பிள்ளை உங்களையும் நம்பாது. இறந்தவரை இறந்தவர் என்றும், தேடிக் கொண்டிருக்கிறோம் என்றால் தேடுகிறோம் என்றும், வயதுக்கு ஏற்ற சொல்லில் சொல்லுங்கள்.

தனித்து நின்று குடும்பம் நடத்தும் தாய்மாரே, உங்கள் சுமை பெரிது. ஆயினும் மூத்த பிள்ளையை இரண்டாவது தகப்பனாகவோ தாயாகவோ ஆக்கிவிடாதீர்கள். அதற்கும் விளையாடும் வயதுதான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளையின் படத்தை நாமெல்லோரும் பாராட்டிப் பகிர்கின்றோம். இரண்டு புள்ளி குறைந்த பிள்ளை அன்று வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது வாழ்க்கையின் தீர்ப்பு அல்ல என்று அன்றிரவு யாராவது ஒருவர் அருகில் இருந்து சொல்ல வேண்டும். ஞாயிறு காலையில் ரியூசனா அறநெறியா என்ற போட்டியிலும், பிள்ளையை அதட்டிக் கோவிலுக்கு அனுப்புவதிலும் பார்க்க, நீங்களும் கூட வருவது நல்லது.

ஆலயத்தின் பங்கும் இதில் உண்டு. ஒரு பிள்ளை தனியாகவோ அம்மம்மாவோடோ வந்தால், தகப்பன் எங்கே, தாய் எங்கே என்று வரிசையில் வைத்து விசாரிக்காமல் இருப்போம். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் போதும். ஒரு தாய் தனியே வளர்க்கும் மகனுக்குச் சைக்கிள் திருத்தப் பழக்கிக் கொடுப்பது, ஆச்சியோடு இருக்கும் பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்துக்கு அயல்வீட்டு மாமா போய் வருவது, இவையும் முருகனுக்குச் செய்யும் தொண்டுதான். சரவணப் பொய்கையில் ஒரு பிள்ளையை வளர்க்க ஆறு பேர் வேண்டியிருந்தது.

இம்முறை கொடியேறியதும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் வாருங்கள். பெற்றவர்களும் வாருங்கள், வளர்ப்பவர்களும் வாருங்கள். அன்று மணிக்கோபுரத்தடியில் இருந்து திரும்பிப் போன அந்த ஆச்சியைப் போல இனி ஒருவரும் எமது வாசலில் இருந்து திரும்பிப் போகாதிருக்க, கார்த்திகேயப் பெருமான் எங்களுக்கு நல்லறிவைத் தந்தருள வேண்டும் என்று அவன் பாதங்களில் வேண்டி அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.