வழி யாருக்கு உரியது?

மலையை ஒருவர் விலைகொடுத்து வாங்கலாம். அதன் உச்சியில் நின்றால் தெரியும் ஏரிக் காட்சியையும் சேர்த்தா அவர் வாங்கிவிட்டார்? விளையாட்டாகத் தோன்றும் இக்கேள்வி, இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கெஸிக் என்னும் சிற்றூரை நீதிமன்றம் வரை இழுத்துச் சென்றது.

டெர்வென்ட்வாட்டர் என்னும் ஏரிக்கு அருகில் அமைந்தது அவ்வூர். நடப்பவரின் வலிவுக்குத் தக்க வழிகள் அங்கு உண்டு. ஃபிரையர்ஸ் கிராக் என்னும் பாறைமுனைக்குக் கரையோரமாகச் செல்லும் பாதையில் முதியவரும் கைத்தடி ஊன்றிப் போய்வரலாம். மேற்கே கேட்பெல்ஸ் குன்று, 451 மீட்டரே ஆயினும், உச்சியை நெருங்குகையில் கையையும் ஊன்றி ஏறவேண்டியது. வடக்கே 931 மீட்டர் உயர்ந்த ஸ்கிடா மலை திடமுள்ளோருக்கே உரியது. அதன் அடிவாரத்தில் 368 மீட்டர் உயர லாட்ரிக் குன்று. மெல்ல நடந்தால் சிறுவரும் அதில் ஏறிவிடுவர். ஏறி நின்றால் ஊரும் ஏரியும் அப்பாலுள்ள மலைகளும் ஒருங்கே விரியும்.

வழக்கு எழுந்தது இந்த எளிய குன்றைக் குறித்துத்தான். நெடுங்காலம் மக்கள் நடந்த வழியை நிலவுடைமையாளர் அடைத்தனர். 1887 அக்டோபர் 1 அன்று ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் திரண்டு, தடைகளைக் கடந்து உச்சிக்கு நடந்தனர். 1888இல் வழக்குச் சமரசமாக முடிந்து, உச்சிக்குச் செல்லும் வழி பொதுவழியென உறுதியாயிற்று.

உடைமையாளர் பக்கம் நியாயமே இல்லையென்று சொல்ல நாம் துணியோம். நமது தோப்பில் அந்நியர் நாள்தோறும் நுழைந்து கன்றுகளை மிதித்துப் படலைத் திறந்துபோட்டுச் சென்றால் நாம் பொறுப்போமா? வாசகர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். பிறர் நிலத்தின் ஊடே செல்லும் உரிமைக்கு அரபுச் சட்ட வழக்கில் ‘ஹக்குல் முரூர்’ என்று பெயர். ‘முரூர்’ என்றால் கடந்து செல்லுதல். தங்குதலும் அதில் அடங்காது, பறித்தலும் அடங்காது. நிலம் உடையவருக்கே நிற்கிறது. கடப்பவருக்கு உரியது காலடி படும் அளவே. உரிமையின் எல்லையை அதன் பெயரே வரைந்துவிடுகிறது.

ஆயினும் நமது மனம் வழிநடந்தோர் பக்கமே சாய்கிறது. காரணம், அடைபட்டது எளிய வழி என்பதே. வலியோருக்கு ஒரு மலை அடைபட்டால் வேறு மலை உண்டு. லாட்ரிக் அடைபட்டால் இழப்பவர் யார்? மூச்சு வாங்கும் கிழவர், பிள்ளையை இடுப்பில் சுமந்த தாய், ஒரே நாள் ஓய்வு பெற்ற கூலியாள். கடினமான வழியைக் காட்டி ‘அதிலே போங்களேன்’ என்பது இவர்களைப் பொறுத்தவரை ‘போகாதீர்கள்’ என்பதன் மரியாதையான வடிவம் அன்றி வேறென்ன?

அப்போராட்டத்தில் முன்னின்ற ரான்ஸ்லி என்னும் பாதிரியார், 1895இல் ‘நேஷனல் டிரஸ்ட்’ அறக்கட்டளையை நிறுவிய மூவருள் ஒருவரானார். 1902இல் அவ்வறக்கட்டளை அதே ஏரியின் மேற்குக் கரையில் பிராண்டல்ஹோ என்னும் காட்டுநிலத்தைப் பொதுமக்களின் நன்கொடையால் விலைக்கு வாங்கியது. உடைமையோடு வழக்காடியவர் உடைமையையே வழிக்குக் காவலாக்கிய இந்த உத்தி நம்மை வியக்கவைக்கிறது. வக்ஃபு செய்து பழகிய நமக்கு இது புதுமையன்று என்பது வேறு செய்தி.

இன்று லாட்ரிக்கின் உச்சிக்குச் சக்கர நாற்காலியும் செல்லத்தக்க பாதை ஒன்று இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் திறந்த வழி எல்லோருடைய காலாலும் தேய்கிறது. அவ்வட்டார மலைப்பாதைகளில் புல் அழிந்து மண் அரித்து ஓடுகிறது. அன்று உடைமையாளர் சொன்ன குறை முழுப்பொய்யன்று என்பதற்கு அந்த அரிப்பே சாட்சி. அதற்காக எவரும் மலையை மூடிவிடவில்லை. பயிற்சி பெற்ற பணியாளரும் தொண்டர்களும், சில இடங்களில் ஹெலிகாப்டர் கொண்டுவந்து இறக்கும் கற்களை, ஒவ்வொன்றாகப் பாதையில் பதித்துக்கொண்டிருக்கின்றனர்.