கண் யாருடையது?

போடிநாயக்கனூரில் பிறந்தவளுக்கு ஏலக்காய் வாசம் தனியாகத் தெரியாது. அம்மாவின் சேலையில், தலைமுடியில், சோறு ஊட்டிய விரலில் அது எப்போதும் இருந்தது. இளவயதில் விடியுமுன் ஜீப்பில் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலக்காடுகளுக்குக் காய் எடுக்கப் போனவள் அவள். தோல் பச்சையாகவும் உள்ளே விதை கறுத்தும் இருக்கும் காயைத்தான் பறிக்க வேண்டும். பிஞ்சைத் தொட்டால் நஷ்டம், பழுக்க விட்டால் உலரும்போது வெடிக்கும். உள்ளே இருப்பதை வெளியே பார்த்தே சொல்லும் கண் அவளுக்கு இருந்தது. முதுகு விட்டுப்போன பிறகு ஊரிலேயே ஒரு குடோனில் காய் பொறுக்க உட்கார்ந்தாள்.

சில வருடங்களுக்கு முன் அவளிடம் அஷ்வினி அசோகனைப் பற்றிச் சொன்னேன். என் அண்ணன் மகள் கணினி அறிவியல் படிக்கிறாள். அவளுக்கு உற்சாகம் ஊட்டத்தான் அந்தப் பேச்சை எடுத்தேன். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பு படித்தவர், இன்டெல் நிறுவனத்தில் ஆய்வுப் பணியில் இருந்தவர். நரம்பியல் அறிஞரான கணவர் ஆனந்த் சந்திரசேகரனோடு சென்னைக்குத் திரும்பி, 2013இல் மேட் ஸ்ட்ரீட் டென் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தைத் தொடங்கியவர். படத்தைப் பார்த்து, இது என்ன துணி, என்ன நிறம், எந்தப் பாணி என்று இயந்திரம் புரிந்துகொள்வதே அவர்கள் தொழிலின் அடிப்படை. வியூ டாட் ஏஐ என்ற பெயரில் அதை ஆடை விற்பனை நிறுவனங்களுக்கு விற்றார்கள். பெண்கள் அரிதாகவே தலைமையேற்கும் துறையில் தலைமையேற்றவர். அங்கே பெண்களின் இடம் குறித்துப் பொதுவெளியில் பேசியும் வருபவர்.

அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "கெட்டிக்காரப் பொண்ணுதான். ஆனா மிஷினுக்கு இது இன்னதுன்னு சொல்லிக் குடுத்தது யாரு?"

அந்தக் கேள்வி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவள் வேலை பார்த்த குடோனுக்கு ஒருநாள் நிறம் பிரிக்கும் இயந்திரம் வந்தது. அதைச் சரிசெய்ய வந்தவர் நல்ல காய் ஒரு குவியல், கழிவு ஒரு குவியல் மாதிரிக்கு வேண்டும் என்றார். பொறுக்கித் தர அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். வெளிறியது, புள்ளி விழுந்தது, வெடித்தது என்று பிரித்துக் கொடுத்தாள். இயந்திரம் அதைப் பார்த்துப் பழகியது. அடுத்த மாதமே பொறுக்க வந்த பெண்களில் பாதிப்பேர் வர வேண்டாம் என்றார்கள். அன்று அவளுக்குக் கிடைத்தது வழக்கமான நாள் கூலி.

இது போடியோடு முடிகிற கதையல்ல. இயந்திரத்துக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததில் பெரும்பங்கு ஃபெய்-ஃபெய் லீ என்ற பெண் விஞ்ஞானிக்கு உண்டு. சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, பெற்றோரின் சலவைக் கடையைக் கவனித்துக்கொண்டே படித்தவர். அவர் குழு 2009இல் வெளியிட்ட இமேஜ்நெட் என்ற படத்தொகுப்பு பின்னர் ஒரு கோடிப் படங்களைத் தாண்டி வளர்ந்தது. 2012இல் அந்தப் படங்களைக் கொண்டு நடந்த போட்டியில்தான் ஆழ்கற்றல் முறை தன் பலத்தைக் காட்டியது. 2024இல் அவரே வேர்ல்ட் லேப்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தப் படங்களில் இது பூனை, இது நாற்காலி என்று குறித்தவர்கள், 167 நாடுகளில் இணையம் வழியே சில்லறைக் கூலிக்கு வேலை பார்த்த சுமார் 50 ஆயிரம் பேர். அவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். பெயர்கள் நம்மிடம் இல்லை.

கூலி கொடுத்தாயிற்றே, பிறகென்ன கடன் என்று கேட்கலாம். கூலி, அன்று பொறுக்கிய காய்க்கு. அம்மா கொடுத்ததோ அவள் இல்லாதபோதும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு தீர்ப்பு. ஆசாரியிடம் தொழில் கற்றவன் தனிக் கடை போட்டாலும் ஆசாரியின் பெயரைச் சொல்வான். இயந்திரம் சொல்லாது. அதை விற்றவரும் சொல்வதில்லை.

இதை ஏன் பெண் தொழில்முனைவோரிடம் மட்டும் கேட்கிறாய், ஆண்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லையே என்றாள் அண்ணன் மகள். நியாயம்தான். ஜெயித்த பெண்ணிடம் மட்டும் ஊர்ச் சுமை முழுவதையும் இறக்கி வைப்பது நம் பழைய பழக்கம். எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆனால் ஒரு பெண் மேலே போனதை நம் எல்லோரின் வெற்றியாகக் கொண்டாடும்போது, அந்தக் கணக்கில் ஜீப்பில் நின்றுகொண்டு போகிறவளும் இருக்கிறாளா என்று கேட்காவிட்டால், கொண்டாட்டம் பொய்யாகிவிடும். இந்தக் கேள்வி அஷ்வினியைவிட நமக்கே அதிகம் பொருந்தும்.

பொறுக்கும் வேலை அப்படியே நீடித்திருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நாள் முழுக்கக் குனிந்திருந்து முதுகும் கண்ணும் போன வேலை அது. பேத்தி அதற்கு வரக் கூடாது என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. வேலை போனது அநீதியல்ல. வேலை போனதன் லாபம் ஒரு பக்கமும் நஷ்டம் மறுபக்கமும் போய்ச் சேர்ந்ததுதான் அநீதி. அதற்கு முதல் காரணம், அவள் கண்ணை யாரும் திறமை என்று எண்ணியதே இல்லை என்பது. "பொம்பளைங்க உட்கார்ந்து பொறுக்குற வேலை" என்றுதான் சொன்னார்கள். இயந்திரம் அதே வேலையைச் செய்ததும் அது தொழில்நுட்பம் ஆயிற்று, விலையும் வந்தது. பெண் கைகளில் இருக்கும்வரை இயல்பு, கைமாறிய பிறகு அறிவு என்ற இந்தக் கணக்கைச் சமையலறையிலும் பிரசவ அறையிலும் நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம்.

அண்ணன் மகள் ஒருநாள் நிறுவனம் தொடங்கலாம். தொடங்கட்டும். தன் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் பெயரை எழுதிவைக்கவும், அவர்கள் கண்ணுக்குத் தனி விலை பேசவும், இயந்திரம் வந்த பிறகு அவர்கள் என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே கேட்கவும் அவளால் முடியும். இவை கருணை அல்ல, கணக்கு.

அம்மா இப்போதும் எப்போதாவது அந்தக் குடோனுக்குப் போகிறாள். இயந்திரம் கழித்துப்போட்ட குவியலில் நல்ல காய் நிறையக் கிடக்கிறதாம். அதைப் பொறுக்க ஆள் வேண்டியிருக்கிறது.