மீதிச் சில்லறை யாருடையது?

லால்குடியில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு மாலையில் கணக்குச் சொல்லித்தருகிறேன். பள்ளியில் 'கடன் வாங்கிக் கழித்தல்' படித்துவிட்டு வருகிறார்கள். 50இலிருந்து 37 போனால் 13 என்று நோட்டில் சரியாக எழுதுவார்கள். கையில் ஐம்பது ரூபாய்த் தாளைக் கொடுத்து மீதி கேட்டால் விழிப்பார்கள். கடைத்தெருவில் பூ விற்கும் அக்கா கழிப்பதே இல்லை. மூன்று ரூபாயை எடுத்துவைத்து "நாப்பது" என்பார், மேலே பத்து ரூபாயை வைத்து "அம்பது" என்பார். மீதி வந்துவிடும். நானும் அப்படியே சொல்லித்தர ஆரம்பித்தேன், நிஜக் காசை வைத்து. (பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை முறை சொன்னாலும் வாங்கத் தயங்கும் கடைகள் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டியிருந்தது.)

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். ஒருநாள் வந்து சொன்னாள்: "டீச்சர், எங்கம்மாவுக்குக் கணக்கு வரல. கடையில 160 ரூபாதான் ஆச்சு. அப்பாகிட்ட 180ன்னு சொன்னாங்க. நான்தான் திருத்துனேன்."

அதன்பிறகு இரண்டு நாள் அவள் வரவில்லை.

அந்த இருபது ரூபாய்க்குத் தமிழில் பெயர் உண்டு: சிறுவாடு. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் புடவை மடிப்பிலும் பெண்கள் சேர்த்துவைக்கும் காசு. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோது, எத்தனையோ வீடுகளில் அது வெளியே வந்தது. மாற்றித்தரச் சொல்லிக் கணவனிடமோ மகனிடமோதான் கொடுக்கவேண்டியிருந்தது. பல வருஷ ரகசியம் ஒரே இரவில் கூடத்தில் கொட்டப்பட்டது. சில வீடுகளில் சிரித்தார்கள். சில வீடுகளில், யாரைக் கேட்டு எடுத்தாய் என்றார்கள்.

சிறுவாடு பொய்யா? 160ஐ 180 என்பது பொய்தான், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டில் கணக்குக் கேட்கப்படுவது யாரிடம்? டீக்கடையிலும் வேறிடத்திலும் அவர் செலவழித்ததற்கு யாரும் ரசீது கேட்பதில்லை. கணக்குச் சொல்லும் கடமை ஒருவருக்கும் கேட்கும் அதிகாரம் மற்றவருக்கும் இருக்கும் இடத்தில், உண்மை பேசு என்ற விதியின் பாரம் ஒரே தோளில்தான் விழுகிறது. கணவன் வாங்கிய சொத்தில் இல்லத்தரசியின் உழைப்பும் இருக்கிறது, அவளுக்கும் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1000 ரூபாய்த் திட்டத்துக்கும் 'உரிமைத் தொகை' என்றுதான் பெயர் வைத்தார்கள். உரிமை என்று ஏற்றுக்கொண்டால் அந்த இருபது ரூபாய் திருட்டாகாது.

இவ்வளவு நியாயம் பேசிய பிறகும் எனக்கு நெருடுவது அந்தக் குழந்தை. ஒளித்துவைக்கிற காசுக்குத் துணை நிற்க அவளைப் பழக்கினால், வாய்மூடி இருப்பதே பெண்ணின் சாமர்த்தியம் என்று எட்டு வயதிலேயே கற்றுக்கொள்வாள். பழக்காவிட்டால் அம்மாவைக் காட்டிக்கொடுப்பாள். அவளோடு படிக்கும் பையன்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. மீதியில் கடலைமிட்டாய் வாங்கித் தின்றுவிட்டு வந்தால் "பயல் கெட்டிக்காரன்" என்று வீட்டில் சிரிப்பார்கள்.

மூன்றாம் நாள் அவள் அம்மா அவளைக் கூட்டிவந்தார். நான் மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ தொடங்கினேன். அவர் தடுத்தார். "தப்பாச் சொல்லித்தராதீங்க டீச்சர். கணக்கு கணக்காவே இருக்கட்டும். நான் பாத்துக்குறேன்."

எப்படி என்று நான் கேட்கவில்லை. கடைக்கு இப்போது தம்பியைத்தான் அழைத்துப்போகிறாராம். அவனுக்கு இன்னும் எண்ணத் தெரியாது.