பிதிரார்ஜிதமும் பொறுமையும்



மக்கள் தம் பெற்றோரிடமிருந்து பெறும் பிதிரார்ஜிதம் யாது என்று தேவ்நாரில் ஒருவன் வினவினால், கேட்போர் நகைப்பர். பத்தடிக்குப் பத்தடி அறை, ஒரு தகரப் பெட்டி, நெல்லைச் சீமையிலிருந்து பாட்டன் கொணர்ந்த பித்தளைச் செம்பு, இவையன்றி நமக்கு வேறு சொத்து ஏது? எனினும் இன்று நான் பேசப் புகுவது, பத்திரத்தில் எழுதப்படாத ஒரு சொத்தைப் பற்றியேயாம். அது கால்களில் உள்ளது.

நம் மராட்டிய மாநிலத்தில் பீட் என்னும் மாவட்டம் உளது. மழை பொய்க்கும் பூமி. ஆண்டுதோறும் அங்கிருந்து குடும்பம் குடும்பமாகக் கரும்பு வெட்டப் புறப்பட்டுச் செல்வர். அம்மாவட்டத்தில் மாண்ட்வா என்னும் சிற்றூரில் 1994ஆம் ஆண்டு பிறந்தவர் அவினாஷ் சாப்ளே. தாய் தந்தையர் சிறு உழவர். செங்கற் சூளையிலும் உழைத்தவர். பள்ளிக்கூடம் சுமார் 6 கிலோமீட்டர் தொலைவு, பேருந்து இல்லை, பிள்ளை நடந்தான், நேரமாயின் ஓடினான். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இராணுவத்தில் மகார் படைப்பிரிவிற் சேர்ந்தார். சியாச்சின் பனியிலும் இராஜஸ்தான் மணலிலும் பணி செய்த பின்னரே பந்தய ஓட்டத்திற்கு வந்தார்.

அவர் மேற்கொண்டது தடைதாண்டும் நெடுவோட்டம். 3000 மீட்டர் தூரம், 28 தடைகள், 7 முறை நீர்க்குழி தாண்டல். தடைக்கட்டை தட்டினால் விழாது, தட்டியவனே விழுவான். இவ்வோட்டத்தில் 2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் வெள்ளியும், ஹாங்சோவில் 2023இல் நிகழ்ந்த ஆசியப் போட்டியில் தங்கமும் பெற்றார். இவையெல்லாம் பத்திரிகைகளில் வந்தவை, நீங்கள் அறிவீர்கள்.

பத்திரிகைகள் பெரிதாகப் போடாத பகுதியைக் கவனியுங்கள். 2018இல் கணுக்காலிற் காயம். அவ்வாண்டு ஜகார்த்தா ஆசியப் போட்டிக்கு அவர் செல்லவில்லை. தம் தோழர் ஓடுவதைத் தாம் உட்கார்ந்து பார்ப்பது ஓட்டக்காரனுக்கு எத்தகைய துன்பம்! அடுத்த மாதமே, செப்டம்பரில், புவனேசுவரத்தில் ஓடி, 1981 முதல் 37 ஆண்டுகள் அசையாது நின்ற கோபால் சைனியின் தேசியச் சாதனையை முறியடித்தார். பின்னர் 2025 ஜூலையில் மொனாக்கோவில் நீர்க்குழியில் விழுந்து முழங்காலின் தசைநாரும் குருத்தெலும்பும் சிதைந்தன. அறுவைச் சிகிச்சை நடந்தது. செப்டம்பரில் தோக்கியோ உலகப் போட்டி அவரின்றியே நிகழ்ந்தது. இத்தகைய அறுவைக்குப் பின் மறுபடி களம் புக ஒன்பது மாதமேனும் ஆகும் என்பது வைத்தியர் கணக்கு. பதக்கம் பெற்ற காலென்று தசைநார் விரைந்து கூடிவிடாது.

நிற்க. மகாவக்கத்தில் சோண கோளிவிசர் என்னும் பிக்குவின் வரலாறு கூறப்பட்டுள்ளது. சம்பா நகரத்துச் செல்வர் மகன். உள்ளங்காலில் மயிர் முளைக்குமளவு மென்மையாக வளர்ந்தவர். அவ்வதிசயத்தைக் காண விம்பிசார மன்னனே அவரை அழைத்தனன். துறவு பூண்டபின் சீதவனத்தில் உலாவித் தியானம் செய்யலானார். எல்லை கடந்து முயன்றார். பாதம் வெடித்தது, கசாப்புக் களம்போல் உலாவு பாதையெங்கும் இரத்தம் என்று நூல் கூறும். 1971 முதல் கசாப்புக்கூடத்தின் அருகே வாழும் தேவ்நார்வாசிகளுக்கு இவ்வுவமையை நான் விளக்க வேண்டுவதில்லை. மனம் சோர்ந்து வீடு திரும்ப எண்ணிய அவரிடம் பகவான் வந்து, வீணையின் நரம்பு மிக இறுகினும் மிகத் தளரினும் இசை பிறக்குமோ என்று வினவியருளினார்.

ஆலைத் தறியில் ஆண்டுகள் பல நின்ற எனக்கு வீணையினும் பாவு நூலே எளிதில் விளங்கிற்று. இறுக்கினால் அறும், தளர்த்தினால் நாடா ஓட வழியில்லை. அறுந்த இழையை முடியாது தறியை ஓட்டினால் கெடுவது அவ்விழை மட்டுமன்று, துணி முழுதுமே.

சோணரின் குலச்சொத்து மென்மையான பாதம். சாப்ளேயின் குலச்சொத்து வன்மையான பாதம். இரண்டும் புண்பட்டன. ஆதலின் குலம் எவரையும் காயத்தினின்று காப்பதில்லை. ஆயினும் நம் போன்ற உழைப்பாளர் குலத்திற்கு ஒரு தனி ஆபத்து உண்டு. அதைச் சொல்லவே இவ்வளவும் சொன்னேன். வலியைப் பொறுப்பது வேறு. காலத்தைப் பொறுப்பது வேறு. முன்னதை நம் பாட்டனார் நமக்கு மூட்டை மூட்டையாக வைத்துச் சென்றனர். தாராவியின் தோல் பதனிடும் தொட்டியிலும் துறைமுகச் சுமையிலும் அவர்கள் அதைச் சம்பாதித்தனர். பின்னதை அவர்கள் வைத்துச் செல்லவில்லை, வைக்கவும் இயலவில்லை. ஒரு நாள் படுத்தால் ஒரு நாட் கூலி போயிற்று. ஓய்வு என்பது அவர்கட்குப் பசியின் மறுபெயர்.

நம் பகுதி இளைஞர் ஒருவர் காவலர் வேலைத் தேர்வுக்காக ஓடிப் பழகுகிறார். அத்தேர்வில் ஆடவர் 1600 மீட்டர் ஓடவேண்டும். பழகுவதோ கான்கிரீட் சாலையில், தேய்ந்த செருப்புடன். ஓராண்டாகக் குதிகாலின் பின்புறத் தசைநாரில் வலி. காலையில் எழுந்து முதலடி வைக்கையில் குத்துகிறது. தகப்பனார் சுமை தூக்குபவர். "நான் காய்ச்சலோடும் மூட்டை சுமந்தேனடா" என்கிறார். அவர் சொல்வது மெய்யே. மகன் வலியடக்கும் ஊசி போட்டுக்கொண்டு ஓடுகிறான். இரண்டு நாள் ஓடினால் இரண்டு வாரம் நொண்டுகிறான்.

ஐயா பெரியவர்களே, தசைநாருக்கு இரத்தவோட்டம் குறைவு. தசை சில வாரத்தில் ஆறினால் அது ஆறப் பல மாதம் செல்லும். ஊசி வலியை மறைக்குமேயன்றிப் புண்ணைக் கூட்டாது. அதற்காகப் பாயில் கிடக்க வேண்டும் என்பதுமில்லை. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெல்ல மெல்ல இறக்கும் பயிற்சியை வைத்தியர்கள் கற்பிக்கின்றனர். நாள்தோறும், பன்னிரண்டு வாரம். காண்போருக்கு அது வேலையாகவே தோன்றாது. "சும்மா படியில் நிற்கிறான்" என்று அண்டை வீட்டார் ஏளனமும் செய்வர். க்ஷாந்தி என்று நம் நூல்கள் புகழும் பொறுமை அந்தப் படியிலேதான் நிற்கிறது. அப்பன்னிரண்டு வாரமும் அவனுக்குச் சோறு போட்டு, ஒரு சொல்லும் சொல்லாதிருப்பது வீட்டாரின் தானமாகும். ஒரு தேர்வு தவறினும் அடுத்தது வரும்; அறுந்த தசைநாரோடு எத்தேர்வுக்குச் செல்வான்?

சோணரின் கதையில் இன்னும் ஒன்று. மெல்லிய பாதத்தாராகிய அவருக்கு மட்டும் செருப்பணியப் பகவான் அனுமதி தந்தார். அவர் ஏற்கவில்லை, சங்கத்தார் அனைவர்க்கும் உண்டெனின் எனக்கும் ஆகுக என்றார். அன்று முதல் பிக்குகள் யாவர்க்கும் ஒற்றைத் தோற் செருப்பு அனுமதிக்கப்பட்டது. செருப்புக்குத் தோல் பதனிட்டு நகரத்திற்கே அளித்த தாராவி மக்களின் பேரன் நல்ல பாதரட்சையின்றி ஓடுவது எனக்குப் பொறுக்கவில்லை. இம்மாதச் சங்க உண்டியலில் விழுவதைக்கொண்டு ஒரு சோடி வாங்குவோம்.

பகவானுக்கும் காலில் காயம் உண்டாயிற்று. கழுகுக் குன்றில் தேவதத்தன் உருட்டிய பாறையின் சில்லொன்று பாதத்தைக் கிழித்தது. ஜீவகர் கடுமையான மருந்திட்டுக் கட்டினார்; மாலைக்குள் வந்து அவிழ்ப்பதாகக் கூறி நகருக்குள் ஒரு நோயாளியைக் காணச் சென்றார். திரும்புகையில் கோட்டைக் கதவு அடைபட்டுவிட்டது. குறித்த வேளையில் கட்டு அவிழாவிடில் இரவெல்லாம் எரியுமே என்று அவர் உறக்கமின்றித் தவித்தார். அங்கே பகவான் வேளை அறிந்து, ஆனந்தரை அழைத்துக் கட்டை அவிழ்க்கச் சொன்னார். கதவு திறந்ததும் ஜீவகர் ஓடோடி வந்து பாதத்தை நோக்கினார். புண் ஆறியிருந்தது.