நியாயமான காரணம்

தை மாதத்தில் காலை எட்டு மணிக்கும் பல்டெனை ஏரியில் சரியாக விடிந்திருக்காது. ஹைசிங்கன் கரையில் மூடப்பட்ட கார்ல் ஃபுங்க சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் மட்டும் கறுப்பாகத் தெரியும். போன தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே பார்ஷ் மீனுக்காக, சுழலும் சின்னத் தகடு கட்டிய தூண்டிலை எறிந்து இழுத்துக்கொண்டிருந்தேன். விரல் விறைத்துப்போன நேரத்தில் ஒன்று கடித்தது. கரைக்கு வந்ததும் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் அதன் பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஆற்று ட்ரவுட். இங்குள்ளவர்கள் பாஹ்ஃபொரெல்ல என்பார்கள். முள் உதட்டில் இல்லை. உள்ளே போய்ச் செவுளுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தது. இரத்தம் கசிந்தது.

எங்கள் மாநிலத்தில் ஒக்ரோபர் 20 முதல் மார்ச் 15 வரை இந்த மீனைப் பிடிக்கக் கூடாது. அது முட்டையிடும் காலம். தவறுதலாக அகப்பட்டால் திருப்பி விடவேண்டும். பிழைக்காது என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே அடித்துக் கொல்லவேண்டும், ஆனால் கறிக்குக் கொண்டுபோகக் கூடாது, புதைத்துவிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். பிழைக்குமா பிழைக்காதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவன் கரையில் தனியே நிற்கும் நான்தான். நான் நரம்பை வெட்டி மீனைத் தண்ணீரில் விட்டேன். சற்றுச் சரிந்தபடி, மெதுவாக, அது ஆழத்துக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, அது பிழைச்சிருக்குமா?"

"ஓம்" என்றேன்.

இந்தக் கட்டுரை அந்த "ஓம்" பற்றியது.

ஜேர்மனியில் மீன் பிடிக்கப் பரீட்சை எழுதவேண்டும் என்றால் வேறு நாடுகளில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். 60 வினாக்கள், படத்தைப் பார்த்து மீனின் பெயர், தூண்டிற் கருவிகளைச் சரியாகக் கோத்துக் காட்டுதல். கணினி நிறுவனங்களின் சான்றிதழ்ப் பரீட்சைகள் பல எழுதியவன் நான். இதற்குத்தான் அதிகம் பயந்தேன். அந்த வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த சொற்றொடர் ஒன்று உண்டு: ஃபெர்னுன்ஃப்ட்டிகர் குறுண்ட். நியாயமான காரணம். நியாயமான காரணமின்றி முதுகெலும்புள்ள விலங்கொன்றைக் கொல்வது குற்றம் என்கிறது விலங்குப் பாதுகாப்புச் சட்டம். மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கொடுக்கலாம். மீன்பிடிப்பவனுக்கு அந்தக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: உண்பதற்கு. படமெடுத்துவிட்டுத் தண்ணீரில் விடுவதற்காகவே மீன் பிடித்தால், காரணமின்றி ஒரு உயிரை வதைத்தவனாக நீதிமன்றத்தில் நிற்கவேண்டி வரலாம். சுவிற்சர்லாந்தில் இது இன்னும் வெளிப்படை. திருப்பி விடும் நோக்கத்தோடு பிடிப்பதே அங்கு தடை.

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சானுக்கு இது காட்டுமிராண்டித்தனம். அவன் குளிர்காலத்தில் ஒன்ராறியோ ஏரிக் கரையில், பின்னால் நகரத்துக் கட்டடங்கள் தெரிய, வானவில் ட்ரவுட் பிடிக்கிறவன். ஒவ்வொன்றையும் ஈரக் கையால் தாங்கிப் படமெடுத்து, தண்ணீரில் பிடித்து ஆட்டி, மூச்சு வந்ததும் விடுவான். "நீங்கள் அடிச்சுக் கொல்லுறியள், நான் உயிரோட விடுறன். ஆர் நல்லவன்?" என்று கேட்டான். இங்கிலாந்திலும் ஆற்று மீன் பிடிக்கும் பெரும்பாலானோருக்குத் திருப்பி விடுவதுதான் மரியாதை. கொண்டுபோகிறவனைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அங்கே கருணையாக எண்ணப்படுவது இங்கே குற்றமாகிறது.

மச்சானுக்கு முதலில் விஞ்ஞானத்தால் பதில் சொல்லப் பார்த்தேன். 2003இல் ஸ்கொட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வுநிலையத்தில் லின் ஸ்னெடனும் கூட்டாளிகளும் ட்ரவுட் மீனின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசற்றிக் அமிலத்தையும் ஏற்றிப் பார்த்தார்கள். அந்த மீன்கள் நெடுநேரம் உணவுக்குத் திரும்பவில்லை. சில மீன்கள் தொட்டியின் அடியிலிருந்த சரளைக் கல்லில் உதட்டைத் தேய்த்தன. இதற்கு மறுப்பும் உண்டு. பெர்லினின் றொபேர்ட் ஆர்லிங்ஹவுஸ் உட்பட ஆய்வாளர் சிலர், காயத்தை உடல் உணர்வது வேறு, வலியென்று ஒருவர் அனுபவிப்பது வேறு, மீனின் மூளையில் அதற்கான பகுதி இல்லை என்று 2014இல் எழுதினார்கள். இரு பக்கத்தையும் வாசித்தேன். அந்தக் காலையில் கையில் துடித்ததை நினைத்தால் இரண்டாவது பக்கத்தை முழுதாக நம்ப முடியவில்லை. நம்ப விருப்பம் நிறைய உண்டு, அதனாலேயே கூடுதல் சந்தேகம்.

வலி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் மச்சானின் கணக்கு பிழைக்கிறது. அவனுடைய மீனும் அதே முள்ளை விழுங்குகிறது, அதே அளவு இழுபடுகிறது. இன்பம் முழுவதும் அவனுக்கு, வலி முழுவதும் மீனுக்கு. கடைசியில் விட்டுவிடும் அந்த ஒரு கணத்தில் அவன் தன்னை அருளாளனாகப் பார்த்துக்கொள்கிறான். நான் அந்த ட்ரவுட்டை விட்டதும் அப்படித்தான். அது பிழைக்கும் என்று நம்பி நான் நரம்பை வெட்டவில்லை. பையில் அடிகட்டை இருந்தது. அடிக்க மனம் வரவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்கு வீட்டில் இரக்கம் என்று பெயர் வைத்தேன்.

அப்படியானால் சட்டத்தின் பக்கம் நிற்பதா? அதிலும் ஒரு ஓட்டை உண்டு. எங்கள் வீட்டு ஆழ்குளிர்ப்பெட்டியில் தமிழ்க் கடையில் வாங்கிய அறக்குளாவும் விளைமீனும் அடுக்கி இருக்கின்றன. அவற்றைத் தாண்டி, விடியப்புறம் மூன்று மேற்சட்டை போட்டுக்கொண்டு ஏரிக்குப் போகிறவன் பசிக்காகப் போகவில்லை. நரம்பு திடீரென்று கனக்கும் அந்த நொடிக்காகப் போகிறான். உண்பது பிறகு வருகிறது. இன்பத்தைச் சட்டபூர்வமாக்க வருகிறது. இன்னொன்றும் உறுத்துகிறது. இந்த நாட்டின் முதலாவது விலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1933 நவம்பரில் வந்தது. மனிதரை வதைக்கக் காரணமே தேடாத ஆட்சி கொண்டுவந்த சட்டம். இப்போதுள்ளது 1972இல் வந்த வேறு சட்டம்தான். ஆனாலும் மீனிடம் காட்டும் மென்மை மனிதர் விடயத்தில் எதையும் நிரூபிப்பதில்லை என்பதை அந்த ஆண்டு நினைவுபடுத்துகிறது.

பல்டெனை ஏரியும் 1933இல்தான் நிறைந்தது. ரூர் ஆற்றை மறித்து, வேலையில்லாத மனிதரைக் கொண்டு வெட்டிய ஏரி. ஆற்றின் அழுக்கு அடியில் படிவதற்கென்றே உண்டாக்கியது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குளிக்கத் தடை இருந்து, 2017இல்தான் ஒரு கரையில் அனுமதித்தார்கள். 2020இல் வெர்டன் அணைக்கட்டில் மீன்களை ஏறத்தாழ 9 மீற்றர் மேலே ஏற்றிவிட ஒரு தூக்கியும் அமைத்தார்கள். மீனுக்கு லிஃப்ட் கட்டிய ஊரில் நான் அதே மீனுக்கு முள் எறிகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணை இருக்கிறார். பருத்தித்துறைக் கரையில் பதின்மூன்று வயதிலிருந்து கடலுக்குப் போனவர். யுத்தத்தில் கடற்றடை வந்தபோது, முன்னால் கடல் கிடக்கப் பருப்பும் சோறும் தின்றவர். இங்கே வந்து உணவகச் சமையலறைகளில் காலம் போய் இப்போது ஓய்வில் இருக்கிறார். அவரிடம் முழுக் கதையும் சொன்னேன், மகளிடம் சொன்ன பொய்யையும்.

"தம்பி, நாங்கள் மீனை வித்தம், மிச்சத்தைக் கறி வைச்சம். மீனோட விளையாடினதில்லை. விடுறது பாவமோ தின்னுறது பாவமோ எண்டு கேக்கிறாய். ரெண்டும் வயிறு நிரம்பினவன்ர கேள்வி."

பதில் சொல்ல முடியாமல் வந்துவிட்டேன். பிறகு யோசித்தேன். வயிறு நிரம்பியவனின் கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய கடமையும் அவனுக்குத்தான். பசித்தவனுக்குத் தெரிவு இருக்கவில்லை, எனக்கு இருக்கிறது. வள்ளுவர் புலான்மறுத்தலையும் கொல்லாமையையும் துறவறவியலில்தான் வைத்தார் என்று எங்களைப் போன்ற இல்லறத்தார் வசதியாகச் சொல்லிக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மச்சமில்லை, மற்ற நாளில் கணக்கில்லை. ஆனால் அதே புலான்மறுத்தல் அதிகாரம் வாங்கித் தின்பவனையும் விடவில்லை. அறக்குளாவின் சாவை நான் பார்த்ததில்லை. ஏதோ ஒரு கடலில், ஏதோ ஒரு வலையில், மூச்சுமுட்டி மெல்ல மெல்லச் செத்திருக்கும். அதற்கு ஒரு நாளும் என் மகள் "பிழைச்சிருக்குமா" என்று கேட்டதில்லை. கரையில் மட்டும்தான் தின்பவனும் கொல்பவனும் ஒரே ஆளாக நிற்கிறார்கள்.

அதனால் இப்போதைக்கு நான் சட்டத்தின் பக்கம். அது என்னை நல்லவனாக்குகிறது என்பதற்காக அல்ல. செய்ததை முடிக்கச் சொல்கிறது, முடித்ததைச் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்கிறது, மகள் பார்க்க மேசையில் வைக்கச் சொல்கிறது என்பதற்காக. மச்சானின் முறையில் சுமப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. இன்பத்துக்காகத்தான் போகிறேன் என்பதை ஒப்புக்கொண்ட பிறகும் போகலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு என்னிடம் இன்னும் விடையில்லை. போகும் நாட்கள் மட்டும் குறைந்திருக்கின்றன.

குளிர்காலத்தில் ட்ரவுட்தான் வேண்டுமென்றால் காசு கொடுத்துப் பிடிக்கும் குளங்கள் இங்கே நிறைய உண்டு. பண்ணையில் வளர்ந்த வானவில் ட்ரவுட்டை அங்கே கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒருமுறை போனேன். இரண்டு மணித்தியாலத்தில் நாலு மீன். எல்லாம் சட்டப்படி, எல்லாவற்றையும் பொரித்துத் தின்றோம். நியாயமான காரணம் அங்கேதான் முழுமையாக இருந்தது. திரும்பிப் போகவில்லை.

மாசியில் ஒரு சனிக்கிழமை மகளுக்கு உண்மையைச் சொன்னேன். பிழைச்சுதோ தெரியாது, அநேகமாகச் செத்திருக்கும், அடிக்கப் பயந்து விட்டுவிட்டேன் என்று. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப ஏன் ஓம் எண்டு சொன்னீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது தகட்டில் ஒற்றை முள்தான், அதன் எதிர்க்கொக்கியையும் குறட்டால் நசுக்கி வைத்திருக்கிறேன். அடிகட்டை பைக்குள் இல்லை, மேற்சட்டைப் பையில் கைக்கு எட்டும்படி இருக்கிறது. இரண்டு பார்ஷ் கிடைத்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுவேன். இந்த மாநிலத்தில் பத்து வயதிலிருந்து பரீட்சை எழுதாமலே சிறுவர் அனுமதி எடுக்கலாம், உரிமம் உள்ள ஒரு பெரியவர் கூட நிற்கவேண்டும். மகளுக்குப் பதினொன்று. அவள் இன்னும் கேட்கவில்லை. நானும் வருகிறாயா என்று கேட்கவில்லை.