நம்பாமையின் விலை

சூரிய மின்சாரம் பற்றிப் பேச்சு வந்தால், "வெயிலுக்கு என்ன காசா, பணமா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நான் மின் பொறியாளன். வெயிலுக்குக் காசு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூரிய மின்சாரத்தின் விலையைத் தீர்மானிப்பது வெயில் மட்டும் அல்ல. வட்டியும்தான்.

ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் வெள்ளி கடன் வாங்கிச் சூரியத் தகடு பொருத்துகிறோம். இருபது வருடத்தில் சமமான தவணைகளாக அடைக்க வேண்டும். வட்டி 4 விழுக்காடு என்றால் வருடத்துக்குச் சுமார் 74 வெள்ளி வரும். 12 விழுக்காடு என்றால் 134 வெள்ளி. அதே தகடு, அதே வெயில், அதே மின்சாரம். கூடுதலாகக் கட்டும் 60 வெள்ளி எதற்கு? "நீ திருப்பித் தருவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை" என்பதற்கு. நம்பாமைக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கட்டுவது நம்பாதவர் அல்ல, நம்பப்படாதவர். இது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

டீசல் அப்படி இல்லை. ஜெனரேட்டரை ஒருமுறை வாங்கிப் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு செலவெல்லாம் எரிபொருளில்தான். கையில் இருக்கிறதைக் கொடுத்து இந்த மாதத்துக்கு வாங்கிக்கொள்ளலாம். பெரிய முதல் தேவையில்லை, யாரும் நம்ப வேண்டியதும் இல்லை. என் பாட்டி தோட்டத்தில் இருந்த காலத்தில் மண்ணெண்ணெயைப் போத்தல் கணக்கில்தான் வாங்குவாராம். "டின்னா வாங்குனா மலிவுன்னு எனக்குத் தெரியாதா? டின்னுக்குக் காசு யாரு குடுப்பா?" என்பார். ஏழை அறியாமையால் அதிக விலை கொடுப்பதில்லை. மொத்தமாகக் கொடுக்க முதல் இல்லாததால்தான் கொடுக்கிறார்.

போத்தல் கணக்கில் எண்ணெய் வாங்கும் நாடுகளும் இருக்கின்றன. மாலத்தீவு அதில் ஒன்று. சுமார் 1,200 தீவுகளில் ஏறக்குறைய 190 தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள். ஒரே மின்கம்பியில் அத்தனை தீவையும் இணைக்க முடியாது. அதனால் தீவுக்குத் தீவு ஒரு டீசல் மின் நிலையம். டீசல் முழுக்கக் கப்பலில் வர வேண்டும், அதற்கு டாலர் கொடுக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், வருடம் முழுக்க வெயில் அடிக்கிற இடத்தில், இறக்குமதி எண்ணெயை எரித்து விளக்கு போடுகிறார்கள். 2009இல் அப்போதைய அதிபர் முகமது நஷீத், பத்து ஆண்டுகளில் கரிமச் சமநிலை அடைவோம் என்று அறிவித்தார். அதே ஆண்டு அமைச்சரவைக் கூட்டத்தைக் கடலுக்கடியில் நடத்தி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். பத்து ஆண்டுகள் ஓடின. டீசல் ஜெனரேட்டரும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எண்ணெய் வாங்கி வாங்கி டாலர் கரைகிறது. டாலர் கரைந்த நாட்டை முதலீட்டாளர் நம்புவதில்லை. நம்பாததால் சூரியத் தகடுக்கான கடன் வட்டி ஏறுகிறது. வட்டி ஏறியதால் மறுபடியும் டீசல். முதலீட்டாளர் எதைச் சொல்லிப் பயந்தாரோ, அந்த நிலைமையை அவருடைய பயமே வளர்த்துவிடுகிறது. இந்தச் சுழலில் இருப்பவரிடம் போய் "முதலில் உன் கணக்கைச் சரி செய்" என்பது, கடனட்டை இல்லாதவரிடம் "முதலில் கடனட்டையில் ஒழுங்காகக் கட்டிக் காட்டு" என்பதைப் போன்றது.

வளர்ச்சி வங்கிகள் இந்த இடத்தில்தான் வருகின்றன. உலக வங்கி அங்கே நடத்திய ஒரு திட்டத்தில் முக்கியமான சரக்கு கடன் அல்ல, உத்தரவாதம். தகடு பொருத்தும் தனியார் நிறுவனத்துக்கு மூன்று பயங்கள் உண்டு: கட்டணம் வராமல் போகலாம், ஒப்பந்தம் பாதியில் முறியலாம், உள்ளூர் ரூஃபியாவை டாலராக மாற்ற முடியாமல் போகலாம். இந்தப் பயங்களுக்கு எதிராக ஒரு பாதுகாப்பு ஏற்பாடு போடப்பட்டது. முதல் சுற்றில் 1.5 மெகாவாட்டுக்கு வந்த விலை யூனிட்டுக்கு 21 அமெரிக்க சென்ட். பிறகு 5 மெகாவாட்டுக்கு 10.9 சென்ட். அதற்கும் பிறகு 11 மெகாவாட்டுக்கு 9.8 சென்ட். உலகம் முழுக்கத் தகடு விலை இறங்கியதும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பயம் இறங்கியதற்கும் அந்த விலையில் பங்கு உண்டு.

உடனே வங்கியைக் கும்பிடத் தேவையில்லை. உத்தரவாதப் பத்திரத்துக்குப் பின்னால் இன்னொரு பத்திரம் இருக்கும். வங்கி முதலீட்டாளருக்குப் பணம் கொடுக்க நேர்ந்தால், அந்தப் பணத்தை நாட்டு அரசு வங்கிக்குத் திருப்பித் தர வேண்டும். அதாவது பயம் எங்கும் மறையவில்லை. முதலீட்டாளரின் தோளிலிருந்து இறங்கி, வங்கியின் கை வழியாகப் போய், கடைசியில் தீவில் இருக்கும் மீனவர் தலையிலேயே உட்கார்கிறது. லாபம் ஒரு பக்கம், பயம் இன்னொரு பக்கம். இதற்குப் பெயர் நம்பிக்கையா?

நம்பாதவர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். வங்கியில் இருப்பது யாரோ சேர்த்த பணம். 2022இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றதை நாம் பார்த்தோம். 2024இல் மாலத்தீவே தன் சுக்குக் கடன்பத்திரத் தவணையைக் கட்டுமா என்ற பேச்சு எழுந்து, இந்தியா நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டோடு கைகொடுக்க வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பது அறம் ஆகாது. அது கடைசியில் வாங்கியவரையே மூழ்கடிக்கும்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வங்கிகள் எப்படிக் குறைந்த வட்டிக்குப் பணம் திரட்டுகின்றன? அவற்றின் மூலதனத்தில் பெரும்பகுதி பெட்டியில் இருக்கும் பணம் அல்ல. "தேவைப்பட்டால் தருகிறோம்" என்று உறுப்பு நாடுகள் கொடுத்த வாக்கு. உலக வங்கி அந்த வாக்கை இதுவரை ஒருமுறைகூடக் கேட்டு வாங்கியதில்லை. வெறும் வாக்குக்கே சந்தை தலை வணங்குகிறது. பணக்கார நாட்டின் சொல் மூலதனம். ஏழை நாட்டின் சொல்லுக்கு மட்டும் பிணை வேண்டும்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு கதை இருக்கிறது. மலாயாவுக்கு உலக வங்கி கொடுத்த முதல் கடன் மின்சாரத்துக்குத்தான். 1958இல், கேமரன் மலை நீர்மின் திட்டத்துக்கு, 35.6 மில்லியன் அமெரிக்க டாலர். சுதந்திரம் வாங்கி ஒரு வயதான நாடு. கடன் அடைத்த பழைய சரித்திரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் ரப்பரும் ஈயமும் இருந்தன. இருட்டோடு எழுந்து மரம் சீவியவர்களின் உழைப்பு அந்த நம்பிக்கைக்கு ஒரு வகையில் பிணையாக நின்றது. மரம் சீவிய எத்தனையோ லயங்களில் அதற்குப் பிறகும் வெகுகாலம் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. யார் உழைப்பைக் காட்டி நம்பிக்கை வாங்கினார்களோ, அவர்கள் வீட்டுக்கு வெளிச்சம் கடைசியில்தான் வந்தது.

அதனால் எனக்குப் படுவது இதுதான். ஒரு வளர்ச்சி வங்கியை அது எத்தனை மில்லியன் கொடுத்தது என்று எடை போடக் கூடாது. பயத்தில் எவ்வளவு பங்கைத் தன் கணக்கில் வைத்துக்கொண்டது, மலிவான மின்சாரம் கடைசி வீடு வரைக்கும் போனதா என்று கேட்க வேண்டும். காற்றைக் கெடுத்ததில் மிகச் சிறிய பங்கு உள்ள நாட்டிடம், அதைச் சுத்தப்படுத்தும் செலவை வட்டியோடு கேட்பது கடன் அல்ல, அபராதம். அதை மானியமாகத்தான் தர வேண்டும். ஆசிய வளர்ச்சி வங்கி 2014இல் மாலத்தீவின் வெளித் தீவுகளுக்கு 38 மில்லியன் டாலரை மானியமாகவே கொடுத்தது. அந்தத் திட்டத்தில் சூரியத் தகடோடு, எண்ணெயைக் குறைவாகக் குடிக்கும் புதிய டீசல் ஜெனரேட்டர்களும் உண்டு. சுத்தமான மின்சாரத் திட்டத்தில் டீசல் இயந்திரமா என்று சிலருக்கு முகம் சுளிக்கும். எனக்குச் சுளிக்கவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பிள்ளை படிக்க வேண்டும், மருந்தகத்தில் குளிர்பெட்டி ஓட வேண்டும். மின்கலங்கள் அந்தச் சுமையை முழுதாக ஏற்கும்வரை, பாதி எண்ணெய் குறைவதும் நல்லதுதான்.

இன்றைக்கு மலேசியா உலக வங்கியில் உறுப்பினர். ஆசிய வளர்ச்சி வங்கியில் 1966இல் தொடங்கிய நாளிலிருந்தே உறுப்பினர். கேட்கப்படாமல் கிடக்கும் அந்த வாக்குகளில் நம்முடையதும் ஒன்று. ஒரு காலத்தில் "இவர்களை நம்பலாமா?" என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நம்மைப் பார்த்துக் கேட்டார்கள். இப்போது கேட்கிறவர்கள் பக்கத்தில் நமக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவர் யாருடைய பயத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது.