தெரியாமல் போட்ட பூட்டு

தீமை செய்ய வேண்டும் என்று நினைத்துச் செய்கிறவர்கள் உலகில் குறைவு. நினைக்காமலே செய்கிறவர்கள்தாம் அதிகம். முன்னவர்களைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. பழிக்க ஊர் இருக்கிறது. உறுத்துவதற்கு அவர்களுடைய மனச்சாட்சியும் இருக்கிறது. பின்னவர்களை என்ன செய்வது? தம் செயலால் ஒருவர் வாசல்வரை வந்து திரும்பிப் போனார் என்பதையே அறியாதவரைக் குற்றவாளி என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது என்றால், திரும்பிப் போனவருக்கு நேர்ந்த இழப்புக்கு யார் பொறுப்பு?

தனியே கேட்டால் இது தர்க்க சாஸ்திரக் கேள்விபோலத் தோன்றும். பார்வையற்றவர்களின் படிப்பை நினைத்துக்கொண்டு கேட்டால் இது அன்றாடக் கேள்வி.

இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த பழனியில் 1836-இல் பிறந்தவர் மாம்பழக் கவிச்சிங்க நாவலர். குழந்தைப் பருவத்தில் அம்மை கண்டு பார்வையை இழந்தார். ஆயினும் தமிழ் கற்றார், கவி பாடினார், சேதுபதி மன்னரின் அவையில் பெருமை பெற்றார். பிறர் படிக்கக் கேட்டு, கேட்டதை நெஞ்சில் எழுதிக்கொண்ட கல்வி அது. அவருடைய நினைவாற்றலை நாம் வியக்கிறோம். வியப்பது சரிதான். ஆனால், படித்துச் சொல்ல ஆள் கிடைக்காமல் எத்தனை நாவலர்கள் இந்த மண்ணில் பிறந்து பெயரில்லாமல் மறைந்தார்களோ? அந்தக் கணக்கை எழுதி வைத்தவர் இல்லை.

பின்னர் பிரெயில் வந்தது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் ஏற்கப்பட்டது. விரல் நுனிக்குக் கண் கிடைத்தது. ஆனால் கையடக்கமான ஒரு நாவல் பிரெயிலில் தடித்த பல பாகங்களாகிவிடும். அச்சிடச் செலவு, வைக்க இடமில்லை. கடையில் கிடைக்கும் புத்தகங்களில் மிகச் சிலவே அந்த வடிவத்தைப் பெற்றன.

கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் கருவிகள் உண்டாயின. அவற்றின் விலை ஏழைக்கு எட்டாததாக இருந்தது. தாமே பார்வையற்றவரான மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-இல் ‘என்.வி.டி.ஏ.’ என்ற கருவியை உருவாக்கத் தொடங்கினார். யாரும் விலையின்றிப் பெறலாம் என்று உலகுக்கே அதைக் கொடுத்தார். அது இன்று தமிழும் படிக்கிறது. செல்போனிலும் இத்தகைய குரல் வந்துவிட்டது.

வேடசந்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பஸ் ஏறித் திண்டுக்கல்லில் கல்லூரிக்கு வரும் பார்வையற்ற மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்து பாருங்கள். காதில் குரல் இருக்கிறது; மனத்தில் ஆவல் இருக்கிறது. தேர்வு அறிவிப்பு ஒன்று அவள் செல்போனுக்கு வருகிறது. திறக்கிறாள். குரல் பேசவில்லை. ஏன்? அது எழுத்து அல்ல, படம். காகிதத்தில் அடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அதை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார்கள். பார்க்கிறவருக்கு அது கடிதம். அவளுடைய கருவிக்கு அது வெறும் புகைப்படம்.

இன்னொன்றைத் திறக்கிறாள். இப்போது குரல் பேசுகிறது, ஆனால் பிதற்றுகிறது. அது பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டி வைத்திருந்தார்கள். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று கண்ணுக்குத் தெரியும் சொல், உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கிறது. கருவி உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். அம்மா என்ற சொல்லையே அறியாத தமிழ் அது! மெய் இருக்கிறது, உயிர் இல்லை. தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. அந்த முறையில் தமிழ், தமிழாகவே உள்ளே இருக்கும். ஆனாலும் பழகிய கை பழைய எழுத்துருவை எளிதில் விடுவதில்லை.

எழுத்து சரியாக இருந்தாலும் தொல்லை முடிவதில்லை. ‘இது தலைப்பு’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லாமல் எழுத்தை மட்டும் பெரிதாக்கித் தடிப்பாக்கினால், பார்க்கிறவருக்கு அது தலைப்பு. கேட்கிறவருக்கு அதுவும் ஒரு வரி. இருநூறு பக்கப் பாடப் புத்தகத்தில் ஏழாம் அத்தியாயத்தை நாம் ஒரு புரட்டில் கண்டுவிடுகிறோம். அவள் முதல் வரியிலிருந்து துழாவி வர வேண்டும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவிகள் இன்று இருக்கின்றன என்பது உண்மையே, நன்றாகவும் உழைக்கின்றன. ஆனால் மங்கிய பக்கத்திலும் அட்டவணையிலும் அவை இடறும். தேதியில் ஓர் இலக்கம் மாறினால் ஓர் ஆண்டு போய்விடும்.

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் போன ஊர். 2019-இல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டுச் செய்யும் தொழிலாளிக்குத் தாம் செய்வது பூட்டு என்று தெரியும். அதனால் சாவியையும் சேர்த்தே செய்கிறார். அலுவலகத்தில் அறிவிப்பைத் தட்டச்சு செய்கிறவருக்குத் தாம் ஒரு பூட்டைப் போட்டுவிட்டோம் என்பதே தெரியாது. திரையைப் பார்க்கிறார், அழகாக இருக்கிறது, அனுப்பிவிடுகிறார். அவருடைய கண்ணே அவரை ஏமாற்றிவிடுகிறது. பார்வை இருப்பதால் வரும் குருட்டுத்தனம் என்று இதைச் சொல்லலாம்.

அவர் குற்றவாளியா? இல்லை. ஆனால் கடனாளி. வாங்கியது நினைவில்லை என்பதால் கடன் இல்லாமற் போய்விடாது. நினைவூட்டிய பிறகும் கொடுக்காதபோதுதான் அது குற்றமாகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் 2016-இல் நினைவூட்டிவிட்டது. கம்ப்யூட்டர் வழியே நடக்கும் காரியங்களை அணுக முடிவதும் வாழும் உரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பும் சொல்லிவிட்டது. ‘தெரியாது’ என்ற சொல்லுக்கு இனி அவ்வளவு மதிப்பில்லை.

“வீட்டில் யாராவது படித்துச் சொல்ல மாட்டார்களா?” என்று நல்லவர்களே கேட்கிறார்கள். சொல்வார்கள், அன்போடு சொல்வார்கள். ஆனால் உங்களுக்கு வரும் கடிதம் ஒவ்வொன்றையும் உங்கள் அண்ணன் முதலில் படிப்பார் என்றால் சம்மதிப்பீர்களா? பாங்கில் எவ்வளவு பணம் இருக்கிறது, டாக்டர் என்ன எழுதியிருக்கிறார், தோழி என்ன கேட்டிருக்கிறாள் என்பதெல்லாம் இன்னொருவர் வாய் வழியே வர வேண்டுமா? கடிதங்கள் கிடக்கட்டும்; கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாவல் படிப்பது தனிமையில் நிகழும் காரியம். ஓரிடத்தில் கண் கலங்குகிறது. ஓரிடத்தில் வெட்கம் வருகிறது. ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்க்கத் தோன்றுகிறது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும்போது இவற்றில் எதையும் சுதந்திரமாகச் செய்ய முடியாது. படித்துச் சொல்லும் அன்பு பெரிது. ஆனால் அந்த அன்பு தேவைப்படாத நேரமும் ஒரு மனிதருக்கு வேண்டும்.

“எத்தனை பேருக்காக இவ்வளவு?” என்பது அடுத்த கேள்வி. 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறை உள்ளவர்கள் 50 லட்சத்துக்கு மேல். ஒருவரே இருந்தாலும் பதில் மாறாது என்பது வேறு. அப்படி என்ன பெரிய செலவு? யூனிகோடில் அடிப்பது, தலைப்பைத் தலைப்பு என்று குறிப்பது, படத்துக்கு ஒரு வரி விளக்கம் எழுதுவது, ஸ்கேன் செய்த தாளோடு மூல எழுத்தையும் அனுப்புவது. முதலிலேயே செய்தால் சில நிமிட வேலை. பிறகு திருத்த வந்தால்தான் மலை.

புத்தகம் எழுதுகிறவர்களும் பதிப்பிக்கிறவர்களும் இதில் தனியாகப் பொறுப்புடையவர்கள். பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூலை மாற்றிக் கொடுப்பது பதிப்புரிமையை மீறுவது ஆகாது என்று 2012-இல் நம் சட்டம் திருத்தப்பட்டது. அதே நோக்கமுள்ள மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலாவதாக 2014-இல் உறுதி செய்த நாடும் இந்தியாதான். பெருமைப்படத்தக்க செய்தி. ஆனால் மாற்றிக் கொடுக்க அனுமதிப்பது வேறு. மாற்றவே தேவையில்லாதபடி முதலிலேயே கொடுப்பது வேறு. நூல்கள் இன்று கம்ப்யூட்டரில்தான் பிறக்கின்றன. பிறக்கும்போதே எல்லாருக்குமாகப் பிறக்கட்டுமே!

இரவு வீட்டில் எல்லாரும் உறங்கிய பிறகு, விளக்கேற்றாமல், யாரையும் எழுப்பாமல், யாரிடமும் கேட்காமல் ஒரு பெண் தனக்குப் பிடித்த கதையின் அடுத்த அத்தியாயத்துக்குப் போக முடிய வேண்டும். அந்தக் கதையில் அவள் அழுதாளா சிரித்தாளா என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை.